சரியாக்கிய ஒரு வரி

எனக்கு மீனில் நெத்தலிதான் பிடிக்கும். இரணியலில் எங்கள் வீட்டுக்கு அதைக் கொண்டுவந்து தந்தவள் குளோரி அக்கா. கேஸ் கட்டுக்குள் நீங்கள் வைத்திருக்கும் படத்தில் இருப்பவள் அவள்தான் சார். ஆனால் படத்தில் ரொம்ப மெலிந்திருக்கிறாள்.

கோட்டாற்றில் சத்தியநேசன் சார் நடத்திய லேபுக்கு, 2011இல், மென்பொருள் எழுதிக் கொடுத்தது நான். அன்றன்று வரும் நோயாளிகளின் பெயர்களை மொத்தமாக டேட்டாபேஸுக்கு அனுப்புவோம். அது ஒவ்வொரு பெயருக்கும் ஓர் எண் தரும். முதல் எண் முதல் பெயருக்கு, அடுத்தது அடுத்த பெயருக்கு என்று எடுத்துக்கொண்டு என் மென்பொருள் ஸ்டிக்கர் அச்சடிக்கும். அதைச் சதைத்துண்டு இருக்கும் குப்பியில் ஒட்டுவார்கள். பரிசோதிக்கும் டாக்டர் எண்ணை மட்டுமே பார்ப்பார்.

அனுப்பிய வரிசையிலேயே எண் கிடைக்கும் என்று டேட்டாபேஸ் எந்த உறுதியும் தருவதில்லை. எனக்கு அது தெரியும். ஆனால் சோதித்தபோதெல்லாம் வரிசையாகத்தான் வந்தது.

"ஏலே ஜெபிஷே, வரிசை மாறாதுல்லா?" என்று சத்தியநேசன் சார் கேட்டார்.

"மாறாது சார்" என்றேன்.

குளோரி அக்காவுக்கும் என் மனைவி ஜினிஷாவுக்கும் மார்பில் கட்டி இருந்தது. சதைத்துண்டை ஒரே நாளில் பரிசோதனைக்குக் கொடுக்கலாம் என்று இருவரையும் நான்தான் ஆட்டோவில் லேபுக்குக் கூட்டிப் போனேன். ஜினிஷா அழுதாள். குளோரி அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, ஒண்ணும் இருக்காது. மாதாவுக்கு மெழுகுதிரி நேந்திருக்கேன், உனக்கும் சேத்துத்தான்" என்றாள். நாங்கள் சி.எஸ்.ஐ. சபைக்காரர்கள், மாதாவுக்கு நேர்வதில்லை. இருந்தாலும் ஜினிஷா தலையாட்டினாள்.

முடிவுகள் வந்த அன்று மாலை லேபில் இருந்தேன். திரையில் ஜினிஷாவின் பெயருக்கு நேரே புற்றுநோய் என்று இருந்தது. ஸ்டிக்கர் அச்சான வரிசையையும் டேட்டாபேஸ் கொடுத்த எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். இரண்டு எண்கள் இடம் மாறியிருந்தன. ஜினிஷாவின் குப்பியில் குளோரி அக்காவின் எண். குளோரி அக்காவின் குப்பியில் ஜினிஷாவின் எண்.

ஜினிஷாவின் ரிப்போர்ட் இன்னும் அச்சாகவில்லை. அவளுடைய வரியைத் திருத்தினேன். குளோரி அக்கா, ஒன்றுமில்லை என்ற தன் ரிப்போர்ட்டை மத்தியானமே கையெழுத்தோடு வாங்கிப் போயிருந்தாள். அதைத் திருத்த வேண்டுமானால் சத்தியநேசன் சாரிடம் சொல்ல வேண்டும். அவர் அதுவரை கொடுத்த எல்லா ரிப்போர்ட்டையும் சந்தேகப்படுவார். நாளைக்குச் சொல்லலாம் என்று வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் குளோரி அக்கா சந்தோஷமாக வந்து, காசு வாங்காமல் நெத்தலி அள்ளிப் போட்டாள். ஜினிஷா புளிமுளம் குழம்பு வைத்தாள். நன்றாக இருந்தது.

மழைக்காலத்தில் ஒருநாள் குளோரி அக்கா லேபுக்கே வந்தாள். தோளில் துண்டைச் சுற்றியிருந்தாள்.

"மக்கா, எனக்க ரிப்போர்ட்டு நல்லதுன்னுதானே சொன்னாவ. பின்ன இது ஏன் வளருது? நீ கம்பியூட்டர்ல ஒருக்கா பாத்துச் சொல்லுவியா?"

பார்ப்பதுபோல் திரையைப் பார்த்தேன். "சரியாத்தான் இருக்கு அக்கா. நீர்க்கட்டியா இருக்கும்."

"நீ சொன்னா சரிதான்" என்று போனாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே இறந்துவிட்டாள். அடக்கத்துக்குப் போனேன். அவளுடைய கணவர் கிளீட்டஸ் என் தோளில் சாய்ந்து அழுதார். லேபில் அவள் எண்ணில் மிச்சமிருந்த சதைத்துண்டை, அது அவளுடையதுதானா என்று சோதிக்க அவர் திருவனந்தபுரம் கொண்டுபோவார் என்று அப்போது யார் நினைத்தார்கள்?

அதற்குப் பிறகு ஒன்று நடக்கிறது. எந்த ஊர் லேபில் எந்தப் பட்டியலைத் திறந்தாலும் அவள் பெயர் முதலில் நிற்கிறது. கண்ணை மூடித் திறந்தால் போய்விடும். காலையில் வாசலில் "ஏட்டி, மீனு" என்று கேட்கிறது. ஜினிஷாவுக்கும் கேட்கிறதா என்று நான் கேட்டதில்லை.

கொன்றாயா என்கிறீர்கள். ஆமாம் சார், தெரிந்துதான் விட்டேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் குளோரி அக்காவின் வரியில் நான் கை வைக்கவே இல்லை. அந்த வாரமே மென்பொருளையும் சரிசெய்துவிட்டேன். இப்போது எண் மாறவே மாறாது.

அதற்கு முந்தைய நாள்களில் எத்தனை பேருக்கு மாறியது என்று கேட்கிறீர்கள். நான் பார்க்கவில்லை. அதில் எனக்கு வேண்டியவர்கள் யாரும் இல்லை.