மூணு நிமிசமும் ஒரு காக்காயும்

ஜெயசிங்: ...இந்தா, வேதப்புத்தகத்து மேல கைய வச்சுச் சொல்லுதேன். இனி நான் சொல்லப்போறது எல்லாம் ஒக்க நடந்தது. ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னா எனக்க நாக்கு அப்பிடியே ஒட்டிப் போகட்டும்.

லீலாபாய்: அது வேதப்புத்தகம் இல்ல. பாட்டுப் புத்தகம். கண்ணாடியப் போட்டுட்டு சத்தியம் பண்ணுங்க.

ஜெயசிங்: பாட்டும் ஆண்டவருக்கதுதானே!

ஷிஜு: மாமா, சத்தியம் ஒண்ணும் வேண்டாம். சரின்னு ஒரு வார்த்தை போதும். ஞாயித்துக்கிழமை சபையில அசனம். ஊரு ஒக்க எல போட்டு உண்ண இருக்கும். சாப்பாட்டுக்கு முன்ன ஜெபம் நீங்கதான் பண்ணணும். முப்பது வருசமா நீங்கதானே?

ஜெயசிங்: இந்த வருசம் நான் இல்ல. வேற ஆளப் பாரு.

ஷிஜு: நோட்டீஸ்ல அந்த ஒரு வரி மட்டும் காலியா கிடக்கு. உதியன்குளங்கரையில பிரஸ்காரன் உண்ணி காலையிலேருந்து போன்ல விளிக்கான். நான் சபைச் செக்ரட்டரியா, இல்ல ஒங்க வீட்டு வாட்ச்மேனா?

லீலாபாய்: வாட்ச்மேனுக்குக் காப்பி உண்டு. குடி மக்கா.

ஷிஜு: மாமி, நீங்களாவது சொல்லுங்க. ஏன் மாட்டேங்குதாரு?

லீலாபாய்: அவருகிட்டயே கேளு. நானும் ஒரு வருசமா கேக்குதேன்.

ஜெயசிங்: போன வருசத்து ஜெபம் ஓர்மை உண்டா?

ஷிஜு: அத மறக்க முடியுமா? ‘சர்வ வல்லமையுள்ள தேவனே’ன்னு தொடங்கினிய. பின்ன ஒரு சத்தம் இல்ல. நானூறு பேரு கண்ண மூடிக்கிட்டு இருந்தோம். கடைசியில ‘ஆமென்’ மட்டும் சொன்னிய. தனுவச்சபுரத்துலேருந்து வந்தவங்க ஒக்க அழுதாவ. மௌன ஜெபம், மௌன ஜெபம்னு இப்பமும் பேச்சு.

லீலாபாய்: அடுத்த வீட்டு ஓமனா மட்டும் மலையாளத்துல ‘அப்பாப்பன் உறங்ஙிப்போயோ?’ன்னு கேட்டா.

ஜெயசிங்: ஏன் பேசலன்னு யாராவது கேட்டாவளா? கேக்கல. கேளு, சொல்லுதேன். நான் வாயத் தொறந்தேன். அம்பிடுதான். பின்னாலேருந்து ஒரு கை எனக்க சட்டைக் காலரைப் பிடிச்சுது.

ஷிஜு: யாருக்க கை?

ஜெயசிங்: யார விளிச்சேனோ அவருக்க கை. பந்தல் ஓலைக்கு எடையிலூடே மேல தூக்கிச்சு. பலாச் சக்கையக் காம்போட தூக்குவோம்லா, அதுபோல.

ஷிஜு: ஓலை கிழியலியா?

ஜெயசிங்: கிழிஞ்சா பந்தல்காரன் சும்மா விடுவானா? மேல போகப் போக பாறசாலை ரயில்வே ஸ்டேஷன் ஒரு தீப்பெட்டி. நெய்யாறு, இவ ஊசியில கோக்குத நூலு. அகஸ்தியர் மலை ஒரு பிடி சோறு. பனச்சமூட்டுல கேரளம் எங்க முடியுது, தமிழ்நாடு எங்க தொடங்குதுன்னு உத்துப் பாத்தேன். ஒரு கோடும் இல்ல மக்கா. ஆளு ஒரு பஸ்ஸுலேருந்து இறங்கி நடந்து வேற பஸ்ஸுல ஏறுது. அது மட்டும் தெரிஞ்சுது.

லீலாபாய்: பஸ்ஸுக்க போர்டு தெரிஞ்சுதா?

ஜெயசிங்: நீ சும்மா இரி. ‘ஆண்டவரே, கடல எங்க வச்சிருக்கீரு?’ன்னு கேட்டேன். இடது கைய விரிச்சுக் காட்டினாரு. உள்ளங்கையில கொஞ்சம் ஈரம்.

ஷிஜு: அம்பிடுதானா?

ஜெயசிங்: அம்பிடுதான். அரபிக்கடல், வங்காளக்கடல் ஒக்க அதுல அடக்கம்.

ஷிஜு: வலது கையில?

ஜெயசிங்: அதுலயாக்கும் பெரிய வேலை நடக்குது. ஒரு எறும்பு. காலு ஒடிஞ்சு போச்சு. அத ஒட்ட வச்சுக்கிட்டு இருக்காரு.

ஷிஜு: ...எறும்புக்கா?

ஜெயசிங்: எறும்புக்குத்தான். நான் சொன்னேன், ‘ஆண்டவரே, கீழ நானூறு பேரு எலைய விரிச்சுக்கிட்டு இருக்காவ, எரிசேரிக் கறி ஆறுது, என்னைய இறக்கி விடும்.’ ‘இரு, இது நடந்து பாக்கட்டும்’ன்னாரு. ரெண்டு பேரும் குனிஞ்சு பாத்துக்கிட்டே இருந்தோம். கடலப் பிடிச்ச கை அசையல. எறும்பப் பிடிச்ச கையும் அசையல. பின்ன அது மெல்ல நடந்துது. அதுக்காக்கும் அம்பிடு நேரம்.

ஷிஜு: மூணு நிமிசம் பத்து செகண்ட்.

ஜெயசிங்: நீ எண்ணினியா?

ஷிஜு: அத... பின்ன சொல்லுதேன். நீங்க முடிங்க.

ஜெயசிங்: கடைசியில கேட்டேன், ‘இதுல நான் எங்க நிக்குதேன்?’ எனக்கு என்னையக் காணவே முடியல மக்கா. அவருக்குத் தெரிஞ்சுது. ‘அந்தா, தாளக் கையில வச்சுக்கிட்டு முழிக்குத வெள்ளைச் சட்டை, அது நீதான்’ன்னாரு.

ஷிஜு: தாளா? எந்தத் தாளு?

ஜெயசிங்: ...தாள்னா சொன்னேன்?

லீலாபாய்: சொன்னிய.

ஜெயசிங்: இவ காப்பியில சீனி கூடுதல். நாக்கு ஒட்டுது.

ஷிஜு: இருங்க, போன் அடிக்குது... ஆ, உண்ணி சேட்டா... இப்போ தராம், ஒரு அஞ்சு மினிட்டு... பேரா? பேரு... அதுதான் பிரஸ்னம்... வைக்கட்டே.

ஜெயசிங்: சுயம்புக்க பேரப் போடு. நல்லா தொண்டையத் தொறந்து பண்ணுவான்.

ஷிஜு: சுயம்பு அண்ணன் தொடங்கினா அடுத்த அசனத்துக்குத்தான் முடிப்பாரு. மாமா... நான் ஒரு காரியம் சொல்லட்டா? கமிட்டிக்காக மட்டும் நான் வரல.

லீலாபாய்: சொல்லு மக்கா.

ஷிஜு: போன வருசம் அசனத்தன்னைக்கு எனக்க மக ஜோஸ்னா ஆஸ்பத்திரியில கிடந்தால்லா? அன்னைக்கோட பத்து நாளு. பிள்ள கண்ணத் தொறக்கல. பிள்ளைக்க அம்ம ஜிஜா அங்க பக்கத்துல இருக்கா. ஒங்க ஜெபத்த அவளுக்கு அனுப்பலாம்னு போன்ல ரிக்கார்டு போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். அந்தப் பத்து நாளும் நான் ஆண்டவருக்கு ஆர்டர் போட்டுக்கிட்டே இருந்தேன் மாமா. நாலு மணிக்குக் காய்ச்சல் குறையணும், அஞ்சு மணிக்குக் கஞ்சி குடிக்கணும்னு. டைம்டேபிள் போட்டுக் குடுத்தேன். நீங்க ‘சர்வ வல்லமையுள்ள’ன்னு சொல்லிட்டு நிறுத்தினிய. நானும் அடுத்த வார்த்தைக்காகக் காத்து நின்னேன். வரல. ஒரு காக்கா மட்டும் கத்திச்சு. அப்பமாக்கும் எனக்குத் தட்டினது. நான் யாருக்கு டைம்டேபிள் போடுதேன்? அவரு யாரு, நான் யாரு? எனக்க பிள்ளைய அவருக்கு நான் அறிமுகம் செய்யணுமா?... அதுக்குமேல ஒண்ணும் கேக்கல. சும்மா இருந்தேன். பத்து நாளுக்குப் பெறகு அப்பமாக்கும் நான் நல்லோணம் மூச்சு விட்டது.

லீலாபாய்: ஜிஜா கேட்டாளா அத?

ஷிஜு: ரிக்கார்டு கேடாப் போச்சுன்னு நெனச்சா. பின்ன காக்கா கத்தவும், கேடு இல்லன்னு புரிஞ்சுது. பிள்ளைக்க காதுல வச்சுக் குடுத்தா. ஒடனே ஒண்ணும் நடக்கல, பொய் சொல்லக் கூடாதுல்லா. எட்டு நாளு கழிச்சுத்தான் கண்ணத் தொறந்தா. இப்பம் ஸ்கூலு பஸ்ஸுல சீட்டுக்கு அடிபிடி போடுதா. இந்த அசனத்துக்கு அவ முன்வரிசையில இருப்பா. நீங்க ஒண்ணும் சொல்லண்டாம் மாமா. அதுபோல சும்மா நில்லுங்க.

ஜெயசிங்: அதாக்கும் முடியாதது. போன வருசம் நின்னது நின்னது. இந்த வருசம் நின்னா நடிப்பு. அவருக்க முன்னால நடிக்க எனக்குத் தைரியம் இல்ல.

லீலாபாய்: அந்தப் பிள்ளைக்க அப்பன்கிட்டயாவது உள்ளதச் சொல்லுங்க.

ஜெயசிங்: ...எலே ஷிஜு. எறும்பு இல்ல. காலரும் இல்ல.

ஷிஜு: அது எனக்குத் தெரியும் மாமா.

ஜெயசிங்: இது தெரியாது. முப்பது வருசமா அசன ஜெபம் இவளாக்கும் எழுதித் தாறது. நான் தாள வேதப்புத்தகத்துக்குள்ள வச்சு ஒத்தைக் கண்ணால வாசிப்பேன். ஜெபத்துல எல்லாரும் கண்ண மூடியிருப்பாவ. பாக்க யாரு உண்டு?

லீலாபாய்: கண்ண மூடாத ஒருத்தரு மேல உண்டு.

ஷிஜு: மாமி எழுதினதா? போதகரே கண்ணு கலங்கினாரே!

லீலாபாய்: எங்க கலங்குவாவன்னு பாத்துத்தான் எழுதுவேன்.

ஜெயசிங்: இனி சொல்லுறதுக்கு எந்தப் புத்தகமும் வேண்டாம். அன்னைக்கு முதல் வரி மனப்பாடம், சொல்லிட்டேன். தாள விரிச்சேன். ஒரு எழுத்து இல்ல. திருப்பினேன். அங்கயும் இல்ல. கண்ணு போச்சுன்னு பயந்து எதிர்ல பாத்தேன், பேனர்ல உள்ளது ஒக்க தெளிவா தெரியுது. தாளு மட்டும் வெள்ள. மக்கா, ஆண்டவரு எழுத்த அழிச்சாரு. கல்லுல பத்துக் கட்டளை எழுதத் தெரிஞ்சவருக்குத் தாளுல அழிக்க எம்பிடு நேரம்? முன்ன ஒக்க மைக்கத் தட்டி ‘ஹலோ’ன்னுட்டாக்கும் ஜெபம் தொடங்குவேன். இப்பம் அதுக்குப் பக்கத்துல போகவே கூச்சம். வீட்டுல முழங்கால் போட்டாலும் வார்த்தை வாறதில்ல. அவரு இம்பிடு கிட்ட நிக்காருன்னு தெரிஞ்ச பெறகு என்னத்தச் சொல்ல?

லீலாபாய்: ஷிஜு, உண்ணிய விளி. பேரு போடச் சொல்லு. அவரு நிப்பாரு.

ஜெயசிங்: லீலா! மறுபடியும் எழுத்து மறைஞ்சு போனா?

லீலாபாய்: எழுதினாத்தானே மறையும். போன வருசம் அன்னைக்குக் காலையில ஜோஸ்னாவ நெனச்சுக்கிட்டு எழுத உக்காந்தேன், ஒரு வார்த்தை கிட்டல. ஒங்ககிட்ட சொல்லவும் மனசு வரல. வெறுந்தாளத்தான் மடிச்சுத் தந்தேன்.