கல் சொன்னதும் இரத்தம் சொன்னதும்

கிட்ட வந்து இருங்கள் பிள்ளைகளே, ஒரு கதை சொல்கிறேன். நடுவில் எழும்பிப் போகக் கூடாது. அறுபது தாண்டியும் எனக்குத் தடிமல், காய்ச்சல் ஒன்றும் அண்டுவதில்லை என்று நீங்கள் அதிசயப்படுகிறீர்கள். கருஞ்சீரகம் என்கிறாள் ஒருத்தி, தேன் என்கிறாள் இன்னொருத்தி. இரண்டும் இல்லை.

எண்பத்திரண்டில் நான் ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளர் வாட்டில் வேலை செய்தேன். விரிப்பு மாற்றுவேன், போத்தல் கழுவுவேன், போத்தல்களில் பெயர்த்துண்டு ஒட்டுவேன். என் எழுத்து வடிவு என்று வாட்டுத் தாதி செசிலி மிஸ்ஸி அந்த வேலையை என்னிடமே விட்டிருந்தார்.

என் மகள் கமீலாவுக்கு அப்போது இருபது வயது. அவள் கைப்பிள்ளையாக இருக்கும்போதே தகப்பன் மௌத்தாகிவிட்டார். சிறுவயதிலிருந்து அவளுக்கு நெஞ்சுச்சளி, காதில் சீழ், மாதம் தவறாமல் காய்ச்சல். அந்த வருடம் வலது விலாவுக்குக் கீழே வலி வந்து, பித்தப்பையில் கல் என்று வெட்டி எடுத்தார்கள். மண்ணிறக் கல். நசுக்கினால் உதிரும். உடம்பிலிருந்து கழிந்தது எதுவானாலும் மண்ணில் புதைப்பதுதானே நம் வழக்கம். அதனால் கல்லைக் கேட்டேன்.

கொழும்பிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்திருந்த செபரட்ணம் டொக்டர் தரவில்லை.

"இது சும்மா கல்லில்லம்மா. பித்தத்தில கிருமி இருந்தாத்தான் இப்பிடிக் கல்லு வரும். மகளுக்குக் கிருமியோட சண்டை பிடிக்கிற சத்து ரத்தத்தில இல்லையோ எண்டு எனக்குச் சந்தேகம். கல்லையும் ரத்தத்தையும் கொழும்பில பாப்பம்."

"இல்லாட்டி என்ன செய்யிற?"

"மாதாமாதம் ஊசி. உயிர் உள்ளமட்டும். போட்டா எல்லாரையும் போல இருக்கலாம்."

உயிர் உள்ளமட்டும் என்றது என் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு சொன்னது விழவில்லை.

கமீலாவின் கலியாணத்துக்குக் காவின் நாள் குறித்திருந்தது. மாப்பிள்ளை அட்டாளைச்சேனை ஜவுபர். அவருடைய தாய் றாஹிலா நோய் பார்க்க வந்தார். கட்டிலில் கிடந்தவளைவிட என் முகத்தைத்தான் அதிகம் பார்த்தார்.

"கல்லு எல்லாருக்கும் வாறதுதானே மச்சி. ரத்தத்தையும் எடுக்கிறாங்களாமே, ஏன்கா?"

"சும்மா, அவங்கட படிப்புக்கு."

"படிப்புக்கோ, பழுது பாக்கவோ? கடதாசி வந்தா எனக்கும் காட்டுங்க. நாங்க மாட்டுக்கே பல்லுப் பாத்து வாங்குற ஆக்கள்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவரின் இரத்தமும் வேண்டும் என்றார் டொக்டர். நான் கையை நீட்டினேன். இரண்டு போத்தல், இரண்டு துண்டு. கமீலா என்று எழுதியதை என் இரத்தத்தில் ஒட்டினேன். ஸகியா என்று என் பெயர் எழுதியதை அவளுடையதில் ஒட்டினேன். புருசனில்லாத கிழவியின் கடதாசியில் என்ன வந்தால் என்ன, என்னை யார் பெண் கேட்டு வரப் போகிறார்கள்? என் யோசனை அவ்வளவுதான்.

கடதாசி வந்தது. மகளுக்கு ஒரு குறையும் இல்லை. றாஹிலா மச்சிக்குக் காட்டினேன். காவின் முடிந்து ஜவுபர் எங்கள் வீட்டில் வந்து குடியிருந்தார்.

குறை என் பெயரில் வந்தது. இத்தனை காலம் எப்படித் தாக்குப்பிடித்தீர்கள் என்று டொக்டர் வியந்தார். அல்லாஹ்வின் காவல் என்றேன். கிடைப்பதற்கரிய மருந்து. டொக்டர் யார் யாரிடமோ கேட்டு, மாதம் ஒரு ஆளுக்குப் போதுமானதை என் பெயருக்கு வரச் செய்தார். செசிலி மிஸ்ஸி தன் கையால்தான் போடுவார்.

"வீட்ட கொண்டுபோகட்டா மிஸ்ஸி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஏன், மீன் ஆணத்துக்குள்ள ஊத்தவோ?" என்றார்.

ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த ஊசி கமீலாவுக்குப் போயிருக்கும். சொன்னால் கலியாணம் முறியும். பிறகு அவள் வயிற்றில் பிள்ளை. சொன்னால் பிள்ளைக்கும் பெயர் கெடும். அடுத்த மாதம் சொல்லலாம், அடுத்த மாதம் சொல்லலாம் என்று இருந்தேன்.

அவளுக்கு ஏழு மாதமாக இருக்கும்போது டொக்டர் எனக்குக் கடிதம் போட்டார். மேற்படிப்புக்கு வெளிநாடு போகிறாராம். கல் ஒன்று சொல்கிறது, இரத்தம் வேறொன்று சொல்கிறது, கல் கிருமியால் உண்டானது என்பதில் சந்தேகமில்லை, மகளின் இரத்தத்தை இன்னொருமுறை எடுத்து அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார். ஆராய்ந்து மிஞ்சிய கல்லையும், நான் புதைக்கக் கேட்டதை மறக்காமல், சின்ன டப்பியில் வைத்து அனுப்பியிருந்தார். நல்ல மனிதர். கல்லை வேலியோரம் புதைத்தேன். கடிதத்தை அடுப்பில் வைத்தேன். அந்த நெருப்பில் அவிந்த பிட்டைக் கமீலா ஆசையாகச் சாப்பிட்டாள்.

எட்டாம் மாதம் அவளுக்கு நெஞ்சுக் காய்ச்சல் வந்தது. ஐந்து நாள். கடைசி நாள் என் கையைப் பிடித்தாள்.

"உம்மா, உங்களுக்குப் போடுற ஊசிய எனக்கும் போடச் சொல்லுங்களன். நீங்க சுகமாத்தானே இரிக்கீங்க."

"அது வயசாளிகளுக்குப் போடுறது மகள்" என்றேன்.

வயிற்றுப் பிள்ளையோடுதான் அவளைக் கபுறில் வைத்தோம்.

எல்லாம் அவன் எழுதினபடி என்று ஊர் சொன்னது. ஓம் என்றேன். போத்தலில் எழுதி ஒட்டியவள் நான். மறு மாதம் மருந்து வந்தது. போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்களே, போனேன். இன்றைக்கும் போகிறேன். ஒன்று சொல்ல வேண்டும், என் பிள்ளையின் கடதாசியில் கடைசிவரை ஒரு குறையும் இல்லை.

சரி, எழும்புங்கள், பொழுது படுகிறது. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அல்லாஹ் நோயில்லாத ஆயுளைக் கொடுக்கட்டும். எனக்குக் கொடுத்திருக்கிறானே.