கறுப்பா ஒரு புள்ளி

— சின்னதே போதும்னு சொல்றேன் புள்ள. சட்டப் பையில போட்டா இருக்கிறதே தெரியாது. பெருசப் பாரு, கழுத்துல கல்லக் கட்டித் தொங்க விட்ட மாதிரி.

— நீங்க இன்னும் அத கையிலயே எடுக்கல மாமா. எடுத்துப் பாத்துட்டு சொல்லுங்க.

— அண்ணன் செல்றதும் மெய்தான் மகள். விக்கிறதுக்காக நான் பொய் செல்ல மாட்டேன். இப்ப ஹட்டன் டவுனுல யாரு கேமரா வாங்குற? எல்லார்ட கையிலயும் ஃபோன். இந்த ஹசன்ட கடையில மிச்சம் ஈக்கிறது இந்த ரெண்டும்தான். ரெண்டும் பாவிச்சது, ரெண்டும் நல்ல சாமான். எதுக்குன்னு செல்லுங்க, எது சரி வரும்னு நான் செல்றேன். கல்யாண வீட்டுக்கா?

— குளவிக் கூட்ட படம் எடுக்க, ஹசன் நானா.

— என்னத்த எடுக்க?

— குளவிக் கூடு. எங்க தேயிலத் தோட்டம் வட்டகொடை பக்கம். மலையில மரத்துக்கு மரம் குளவி கட்டியிருக்கு. காலையில வேல பிரிக்கிற பெரட்டுக்கு ஆள் கூடுறதுக்கு முன்னாடி ஒருத்தர் போயி மரத்தையெல்லாம் படம் எடுத்துட்டு வரணும். கூடு இருந்தா அன்னைக்கு அந்த மலையில கொழுந்துக்கு ஆள் எறக்கக் கூடாது. அதுக்குத்தான் கோயில்ல எல்லாருமா சேந்து வாங்கிக் குடுக்கிறாங்க.

— நல்ல வேல. யார்ட யோசன இது?

— என்னோடது. தூக்கிட்டுப் போகப் போறது மாமா. எங்க அந்தோனிமுத்து கங்காணி.

— நான் இன்னும் சரின்னு சொல்லல.

— எல்லாரும் கை தூக்கியாச்சு மாமா. ஒங்களத் தவிர வேற யாரு கையிலயும் குடுக்கக் கூடாதுன்னாங்க. அதுல செல்லசாமி அண்ணன் ரெண்டு கையையும் தூக்குனாரு.

— ஃபோன் காணாதா மகள்? இப்ப வார ஃபோனெல்லாம் நல்லா எடுக்குமே.

— கிட்ட இருந்தா எடுக்கும் நானா. கூடு எங்கயோ உச்சிக் கொப்புல இருக்கு. ஃபோன்ல இழுத்தா கரைஞ்சு போயி கறுப்பா ஒரு புள்ளி தெரியும். அது குளவிக் கூடா, காக்கா கூடா, மரத்து முடிச்சான்னு யாராலயும் சொல்ல முடியாது.

— குளவிக் கூட்டப் பாத்து மரத்து முடிச்சுன்னு யாரு நெனைக்கிற?

— நெனைப்பாங்க நானா. அவசரத்துல பாத்தா நெனைப்பாங்க.

— ஒங்கட பக்கத்துலதான, மாசி மாசம் போல, குளவி கொட்டி ஒரு பொம்பள மௌத்தாப் போனது? பேப்பர்ல போட்டிருந்தாங்க. இசபெல்லோ என்னமோ பேரு.

— எங்க அம்மா.

— அல்லாஹ்வே. மன்னிச்சிக்கங்க மகள். தெரியாமக் கேட்டுட்டேன்.

— பரவால்ல நானா. மாமாதான் அம்மாவத் தோள்ல போட்டுக்கிட்டு ரோட்டு வரைக்கும் ஓடினாரு. அவருக்கும் பதினோரு கொட்டு. முகமெல்லாம் வீங்கி, ஆஸ்பத்திரியில இவர அடையாளமே தெரியல.

— அத விடு றோசா.

— பெரிய மனுசன் அண்ணன் நீங்க.

— அப்படியெல்லாம் சொல்லாதீங்க நானா. வெலயப் பாத்து அந்தச் சின்னதக் கட்டிக் குடுங்க. ரெண்டர ட்ரெய்னுக்குப் போகணும்.

— மாமா, இன்னும் ஒன்னர மணித்தியாலம் இருக்கு. நானா, நீங்க சொல்லுங்க. சின்னது எவ்வளவு தூரம் இழுக்கும்?

— இது பத்து மடங்கு. பெரிசு அறுபத்தஞ்சு. ஆனா மகள், ரெண்டு பக்கமும் செல்லணும். சின்னத பையில போட்டா மழையில நனையாது, தேயிலச் செடியில மாட்டாது, ஒரு கையால எடுக்கலாம். பெருச முதல் ரெண்டு கெழம தூக்குவாங்க, பொறகு பாரம்னு வீட்டுல வெச்சிட்டுப் போவாங்க. வீட்டு அலுமாரியில ஈக்கிற கேமரா அறுபத்தஞ்சு இழுத்தென்ன, அறுநூறு இழுத்தென்ன?

— அதத்தான் நானும் தலப்பாடா அடிச்சுக்கிறேன். செங்குத்துல ஏறி எறங்குற ஆளு நானு. அட்டைக்கு உப்பு ஒரு கையில, ஊனு கம்பு ஒரு கையில. இதுல கழுத்துல வேற ஒன்னு ஆடிக்கிட்டே வந்தா எப்படி?

— பெருசு கரைஞ்சு போகாமத் தெரியுமா நானா?

— வாசலுக்கு வந்து நீங்களே பாருங்க. மழ விட்டிச்சு. அந்தா, ஸ்டேஷனுக்கு மேல லயத்து வீட்டு வரிச தெரியுதா? அதுல கண்ண வையுங்க. இப்ப இந்தத் திருகக் கொஞ்சம் கொஞ்சமா. ஆ, அப்படித்தான்.

— ஐயோ, ஒரு அக்கா சேல காயப் போடுறாங்க. சேலையில இருக்கிற பூ தெரியுது.

— முழுசா இழுத்தா கை நடுங்கக் கூடா. கை கொஞ்சம் நடுங்கினா படம் நெறைய நடுங்கும். நெலக்கதவுல முட்டுக் குடுத்துப் பிடிங்க.

— மாமா, இங்க வாங்க. லயத்துக்குப் பின்னாடி டர்பன்டைன் மரம் ஒன்னு நிக்கிது பாருங்க. உச்சிக் கொப்புல என்ன இருக்குன்னு சொல்லுங்க.

— எனக்கு வேணாம் புள்ள.

— ஒரு தடவ பாருங்க.

— தாங்க அண்ணன், நான் பிடிச்சிக் காட்டுறேன். என்ன அண்ணன், கண்ண மூடிட்டீங்க?

— கண்ணு கூசுது நானா.

— என்ன தெரியுது மாமா?

— காக்கா கூடு.

— எப்படித் தெரியும் காக்கா கூடுன்னு?

— குச்சி குச்சியாத் தெரியுது. நடுவுல ஒரு நீல நூலு. போதும், வாங்குங்க நானா இத.

— நானா, சின்னதுல அதே மரத்த எடுத்துக் காட்டுங்களேன்.

— இந்தாங்க. பாருங்க, மரம் அழகா வந்தீக்கு. உச்சியில என்னமோ ஈக்குன்னு தெரியும். என்னன்னு செல்ல ஏலாது.

— பாத்தீங்களா மாமா. என்னமோ இருக்கு, என்னன்னு சொல்ல முடியல. அது பத்தாது. பெருசுதான்.

— மகள், முடிவெடுக்க முந்தி ஒன்னு. பெரிசுட பெட்டரியில சார்ஜ் இல்லாமப் போகப் போகுது, சிவப்பு லைட் எரியுது. இன்னொரு பெட்டரி மாடியில வீட்டுல ஈக்கு. பொஞ்சாதி ரிஃப்னா எங்க வெச்சாவோ, தேடி எடுத்திட்டு வாறேன். பத்து நிமிசம். யாரும் வந்தா இருக்கச் செல்லுங்க. பிளேன்ட்டி ரெண்டும் அனுப்புறேன்.

— சரி நானா, மெதுவா வாங்க.

— போயிட்டாரா?

— போயிட்டாரு.

— றோசா, வா, போயிருவோம். கேமராவும் வேணாம், ஒன்னும் வேணாம்.

— ஏன் மாமா?

— கண்ணு கெட்ட பெறகு சூரிய நமஸ்காரம் எதுக்கு? இனி எத்தன படம் எடுத்தா என்ன, ஒங்கம்மா எந்திரிச்சு வரப் போகுதா?

— அம்மா கூட கொழுந்தெடுத்த கிருஷாந்திக்கு இன்னும் கண்ணு இருக்கே மாமா. அம்மா இடுப்புல கட்டியிருந்த படங்குச் சாக்க அவுத்து அந்தப் புள்ள மேல போத்திட்டுத்தான் குப்புற விழுந்துச்சு. அவ நாளைக்கும் அதே மலைக்குத்தான் கொழுந்துக்குப் போறா.

— நான் தூக்க மாட்டேன்னு சொல்றேன். சுதாகரன் கையில குடு. எளந்தாரி, நல்லாப் படம் புடிப்பான்.

— நீங்க ஏன் தூக்க மாட்டீங்க?

— வயசாயிருச்சு.

— அம்மாவத் தூக்குனப்போ வயசாகலையா?

— இந்தா, இதத்தான் சொல்றது. நீயும் அதயே சொல்ற, கோயில்ல ஃபாதரும் அதயே சொன்னாரு, கடைக்காரரு வரைக்கும் பெரிய மனுசங்கிறாரு. ஒவ்வொரு தடவையும் எனக்கு இன்னொரு குளவி கொட்டுன மாதிரி இருக்கு புள்ள. வாசல்ல உக்காந்தா ஒங்க வீட்டு ஜன்னல் தெரியுதுன்னு நான் இப்ப பின்பக்கத்துல உக்காந்து தேத்தண்ணி குடிக்கிறேன். அது தெரியுமா ஒனக்கு?

— தெரியும்.

— என்ன தெரியும்?

— நீங்க பின்பக்கத்துல உக்கார்றது. அம்மா அடக்கத்துல ஒரு பிடி மண்ணு கூடப் போடாமத் தள்ளி நின்னது. எல்லாம் தெரியும். ஏன்னு நீங்க சொல்லுங்க.

— சொன்னா நீ என்ன மாமான்னு கூப்பிட மாட்ட.

— சொல்லுங்க மாமா.

— பெரிசா சின்னதான்னு காலையில இருந்து ரெண்டு பேரும் மல்லுக்கட்டுறோம். அன்னைக்கு எனக்கு ரெண்டும் தேவப்படல புள்ள. வெறுங்கண்ணாலயே பாத்தேன்.

— எப்ப?

— ஏழு மணி இருக்கும். ஒங்கம்மாவோட ஆளுங்க மேட்டுல ஏறிக்கிட்டு இருந்தாங்க. நான் முன்னாடியே போயி மரத்தடியில நின்னேன். பனியா மோட்டம் மூடியிருந்துச்சு, சட்டுனு வெலகுச்சு. ஒரு கொழுந்துக் கூடை அளவுக்கு இருக்கும் அந்தக் குளவிக் கூடு.

— பாத்துட்டும் ஆள எறக்குனீங்க.

— அந்த மாசத்துல மட்டும் மூணு தடவ கூடு இருக்குன்னு ஆளுங்களத் திருப்பியிருந்தேன். மூணு தடவையும் பாதிச் சம்பளத்துக்கு அரைப்பேருதான் போட்டாங்க. பொம்பளைங்க என்னத்தான் ஏசுனாங்க. பூரணி பெரட்டுல வச்சே கேட்டா, கங்காணிக்கு ஈயக் கண்டாலும் குளவியாத் தெரியுதான்னு. எனக்கு மேல இருக்கிற கண்டாக்கையா, இன்னொரு தடவ திருப்புனா கங்காணி வேலைக்கு வேற ஆளப் பாப்பேன்னாரு. அன்னைக்கு நல்லாக் குளிரு. குளிருல குளவி கூட்ட விட்டு அசையாது, எங்கப்பா காலத்துல இருந்து பாத்ததுதான. வெயில் ஏறுறதுக்குள்ள அந்த மூலைய முடிச்சு ஆள அடுத்த மலைக்கு மாத்திரலாம்னு கணக்குப் போட்டேன்.

— வெயில் சீக்கிரம் ஏறிருச்சா?

— இல்ல. வெயில் வரவே இல்ல. ஒரு கழுகு வந்து கூட்டுல அடிச்சிருச்சு. என் கணக்குல கழுகு இல்ல புள்ள.

— அம்மா ஒங்ககிட்ட ஒன்னும் கேக்கலையா?

— கேட்டுச்சு. என்னண்ணே மேலயே பாக்குறீங்கன்னு கேட்டுச்சு. ஒன்னுமில்ல இசபெல், மோட்டம் எப்ப வெலகும்னு பாக்குறேன்னேன். அந்த ஒரு பொய்ய சொல்லாம இருந்திருந்தா ஒங்கம்மா இன்னைக்கு இருக்கும். நான்தான் கொன்னேன். ஃபாதருகிட்ட கூட இத சொல்லல. இப்ப ஒங்கிட்டதான் சொல்றேன். போலீசுக்குப் போறதுன்னாலும் போ, நானே கூட வர்றேன்.

— அழாதீங்க மாமா. கடையில நிக்கிறோம்.

— நீ ஏன் புள்ள அழல? கல்லு மாதிரி நிக்கிற. ஏசவாவது செய்யி.

— கேமரா எதுன்னு முதல்ல சொல்லுங்க. சின்னதா, பெருசா?

— பெருசு. நீ சொன்னதுதான் சரி. ஆனா என் கையில குடுக்காத.

— ஒங்க கையிலதான் குடுக்கணும். அந்த மரத்துல எதப் பாத்தாலும் இனி நீங்க வாய மூட மாட்டீங்க. வேற யாருக்கும் அந்தப் பயம் இருக்காது. அதுக்குத்தான் ஒங்களக் கூட்டிட்டு வந்தேன்.

— கூட்டிட்டு வரும்போதே ஒனக்கு எப்படித் தெரியும்? நான் யாருகிட்டயும் மூச்சு விடலையே.

— அம்மா அன்னைக்கு எனக்கு ஒரு படம் அனுப்புச்சு மாமா. ஏழு இருவதுக்கு. மோட்டம் வெலகுன நேரம். மரம் முழுசா இருக்கு. மரத்தடியில அண்ணாந்து பாத்துக்கிட்டு நீங்க நிக்கிறீங்க. ஒங்க சிவப்பு மப்ளர் நல்லாத் தெரியுது.

— இசபெல் படம் எடுத்துச்சா?

— கூடவே பேசியும் அனுப்புச்சு. "றோசா, கங்காணி அண்ணன் மேலயே பாக்குறாரு, கேட்டா ஒன்னுமில்லங்கிறாரு. எனக்குக் கண்ணு எட்டல. நீ பெருசாக்கிப் பாத்து சொல்லு, எறங்கவா வேணாமான்னு."

— மாதாவே. அப்ப மூணு மாசமா ஒனக்கு எல்லாம் தெரியும்.

— தெரியும்.

— தெரிஞ்சும் ஏன் புள்ள வாயத் தொறக்கல? அந்த ஒரு படத்த நீ கோயில் வாசல்ல காட்டியிருந்தா, என்ன அங்கயே கல்லால அடிச்சிருப்பாங்களே.

— காட்டியிருந்தா, படத்துக்குக் கீழ இருக்கிறதையும் வாசிச்சிருப்பாங்க மாமா.

— கீழ என்ன இருக்கு?

— நான் அப்ப ஸ்கூலுக்குப் போற பஸ்ல. கொட்டகலைக்குக் கிட்ட. ஒரு கையில கம்பி, ஒரு கையில ஃபோன். பெருசாக்கிப் பாத்தேன். கரைஞ்சு போயி, கறுப்பா ஒரு புள்ளி.

— றோசா.

— "அது மரத்து முடிச்சும்மா, பயப்படாம எறங்கு"ன்னு எழுதி அனுப்பினேன்.