சமையலறை விறகு

ஈர விறகு எரியாது என்று சொல்கிறவர்கள் அடுப்பு ஊதிப் பார்க்காதவர்கள். எரியும். கொஞ்சம் முணுமுணுக்கும், வெட்டுவாயில் நுரை தள்ளும், அறை முழுக்கப் புகையும். ஆனாலும் எரியும். காய்ந்த விறகுக்கு வாயே கிடையாது, வைத்த இடத்தில் கமுக்கமாக எரிந்து முடித்துவிடும். இந்த வித்தியாசம் புரிந்தால்தான் நான் சொல்லப்போவது உங்களுக்குப் புரியும், இன்ஸ்பெக்டர் ஐயா.

உங்கள் ஆட்கள் கொட்டகையில் விறகு இரண்டு அடுக்காக இருப்பதைப் பார்த்துவிட்டு, புதையல் கிடைத்த மாதிரி படம் பிடித்தார்கள். கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். வலப்பக்கம் சமையலறை விறகு. இடப்பக்கம் என் தம்பியின் அறையில் குளிர்காய மூட்டுகிற கணப்புக்கு. தம்பி செத்துப்போனான் என்பதற்காக விறகை அடுக்கியது குற்றமாகிவிடாது.

விறகு வேலை வருஷம் முழுக்க உண்டு. பனி முடிந்து துளிர் விடுவதற்கு முன்னால் மரத்தில் நீர் குறைவாக இருக்கும், அப்போது வெட்ட வேண்டும். வெயில் ஏறியதும் பிளந்து, குறுக்கும் நெடுக்குமாகப் போட்டுக் காய வைக்க வேண்டும். இரண்டு கட்டையை மோதிப் பார்த்தால் ணங்கென்று கேட்க வேண்டும். தொப்பென்று கேட்டால் இன்னும் உள்ளே ஈரம் இருக்கிறது. முதல் மழைக்கு முன்னால் எல்லாம் கொட்டகைக்குள் வந்துவிட வேண்டும். மழைக்காலத்தில் சுள்ளி பொறுக்கலாமே தவிர மரம் வெட்டக் கூடாது. இதை எனக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. வயிறு சொல்லிக் கொடுத்தது.

அம்மா போனபோது தம்பி என் இடுப்பில் இருந்தான். அப்பா அதற்கு முன்பே கம்பி நீட்டிவிட்டார். நான் கோடரியைத் தூக்கினேன். ரொட்டிக்கடைக்கு விறகு போட்டு அவனை வளர்த்தேன். அவன் நடை பழகியது விறகு அடுக்கைப் பிடித்துக்கொண்டுதான். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் என் உள்ளங்கையைப் பார்த்துவிட்டுக் காப்பியைப் பாதியில் வைத்துப் போனார்கள். அதற்காக நான் அழுததில்லை. எனக்குத்தான் அவன் இருந்தானே.

பெரிய ஊரில் ஒரு அச்சகத்தில் அவனுக்கு வேலை கிடைத்தது. மழை விட்டதும் வந்து சேரச் சொன்னார்கள். அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. பிளந்து போட்ட விறகெல்லாம் வெளியே கிடந்து ஊறிப்போனது. சத்தியமாக அது என் வேலை இல்லை, வானத்தின் வேலை. வேறு வழியில்லாமல் அந்த விறகைத்தான் எரித்தோம். சமையலறைக்குப் பின்வாசல் உண்டு, புகை போய்விடும். அவன் அறை சின்னது. இருமல் பிடித்தது. சட்டை தொளதொளவென்று ஆகும் அளவுக்கு இளைத்தான். அச்சகத்துக்காரர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்கள்.

அந்தப் பனிக்காலம் மாதிரி ஒன்று எங்களுக்கு வாய்த்ததே இல்லை. கஞ்சியை நான் ஊட்டிவிடுவேன். முதுகைத் தடவிவிடுவேன். "அக்கா, நீ இல்லன்னா நான் என்னக்கா ஆவேன்" என்பான். இதற்கு மேல் ஒரு மனுஷிக்கு என்ன வேண்டும், சொல்லுங்கள்.

வெயில் வந்தது. இருமல் போனது. அவன் மறுபடியும் ஊருக்குப் போகிற பேச்சை எடுத்தான்.

அடுத்த மழைக்காலத்தில் நான் கோடரியோடு கிளம்பினேன். ரொட்டிக்கடைக்காரர் வழியில் பார்த்துவிட்டார். "என்ன தங்கச்சி, கொட்டுற மழையில மரம் வெட்டுறே? இது எரியுமா, இல்ல நீந்துமா?" என்று சிரித்தார். "கிளை முறிஞ்சு கிடக்குண்ணே, வீணாப் போகுதேன்னு" என்றேன். கிளை ஒன்றும் முறியவில்லை. பச்சை மரத்தை வெட்டினேன். அதிலிருந்து வருஷா வருஷம் அதைத்தான் இடப்பக்கம் அடுக்கினேன். வருஷத்தில் இரண்டு தடவை விறகு வெட்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை, ஐயா. பச்சை மரம் கனம். மழையில் பாதை வழுக்கும். தலைச்சுமையோடு எத்தனை முறை விழுந்தேன் என்று யாரும் கேட்கவில்லை. அவனுக்காக என்பதால் நானும் சொல்லவில்லை.

டாக்டரம்மாவிடம் நான்தான் அழைத்துப் போவேன். மருந்து வேளை தவறியதில்லை. "வெயில் வந்தா தானா சரியாயிடுதே, அதிசயமா இருக்கு. குளிர் ஒத்துக்கலை போல. ரூமை நல்லா கதகதப்பா வெச்சிருங்க" என்றார் அந்தம்மா. அப்படியே செய்தேன். கணப்பு அணையாமல் பார்த்துக்கொண்டேன்.

அவனும் எதிர்த்துப் பேசுகிற பிள்ளை இல்லை. ஒரு நாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றான். "அக்கா, சமையலறை அடுக்குலேர்ந்து நாலு கட்டை எடுத்துக்கவா? அது நல்லா எரியுது."

"அது சமையலுக்குடா. உனக்கு உண்டானது இந்தப் பக்கம் இருக்கு."

"இது புகையுதுக்கா."

"போகப் போகக் காஞ்சிடும். ஜன்னலைத் தொறந்து வெச்சுக்கோ."

"சரிக்கா" என்று போய்விட்டான். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வளர்ப்பு அப்படி.

இந்த வருஷம்தான் ஒரு பெண் நடுவில் வந்தாள். அச்சகத்தில் புத்தகம் தைக்கிறவள். வேலை விஷயமாக அவன் ஒரு தடவை போய்வந்தபோது பழக்கமாம். வெயில் காலத்தில் அவனே சொன்னான், கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே இருக்கப் போகிறேன், நீயும் வந்துவிடு அக்கா என்று. நான் அங்கே போய் என்ன செய்வேன்? விருந்தாளி மாதிரி அவர்கள் வீட்டு வாசலில் காலை நீட்டிக்கொண்டு உட்காரவா? கையில் காய்ப்பு இருக்கிறவளுக்கு அது சரிப்படாது.

மழை தொடங்கியதும் அவனைப் பார்க்க அந்தப் பெண் வந்தாள். வந்து ஒரு வாய் காப்பி குடிக்கவில்லை, அதற்குள் கேட்டாள், "அண்ணி, சமையலறையில புகையே இல்ல, இவர் ரூம்ல மட்டும் ஏன் இப்படி மண்டுது?" நான் சிரித்தேன். "கல்யாணம் ஆகட்டும், நீயே வந்து அடுப்பு மூட்டிப் பாரு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. போகும்போது கொட்டகைப் பக்கம் போய், இந்த அடுக்கில் ஒரு கட்டையையும் அந்த அடுக்கில் ஒரு கட்டையையும் கையில் தூக்கிப் பார்த்தாள். அடுத்தவர் வீட்டு விறகைத் தொட்டுப் பார்க்கிற புத்தி எங்கிருந்து வருகிறதோ. உங்களிடம் வந்து மூட்டிவிட்டதும் அவள்தான் என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு தம்பி, இருமலோடாவது போய்விடுகிறேன் என்றான். மறுநாள் காலை பஸ். மழை கொஞ்சம் விட்டபோது ஏணியைப் போட்டுக் கூரையில் ஏறினேன். ரொட்டிக்கடை மாவுச் சாக்கு ஒன்றை நனைத்துச் சுருட்டி, அவன் அறைப் புகைக்குழாயில் திணித்தேன். எழுதிக்கொள்ளுங்கள், நான்தான் திணித்தேன். முழுக்க அடைக்கவில்லை. முழுக்க அடைப்பவள் கொலைகாரி. எனக்கு வேண்டியதெல்லாம் இன்னும் கொஞ்சம் இருமல். ஒரு பஸ் போகிற அளவுக்கு.

பிறகு ரொட்டிக்கடைக்கு விறகு போடப் போனேன். மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. கடைக்காரர் டீ கொடுத்தார், குடித்தேன். திரும்பி வந்தபோது மாலை ஆகவில்லை. வாசலில் நின்று காது கொடுத்தேன். இருமல் சத்தம் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டானோ என்று நினைத்தேன்.

கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். சமையலறை அடுக்கின் மேல் வரிசை கலைந்திருந்தது. என் கண் தப்பாது. கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். அவன் அறைக் கதவைத் தள்ளினேன். ஜன்னலை அழுந்தச் சாத்தியிருந்தான். துளிப் புகை இல்லை. கணப்பில் கங்கு தகதகவென்று கிடந்தது, அழகான நெருப்பு. அதன் பக்கத்தில் பெட்டி, பாதி அடுக்கிய சட்டைகள். கட்டிலில் படுத்திருந்தான். இளைத்த முகம் செக்கச்செவேலென்று இருந்தது. இத்தனை வருஷத்தில் அவன் அவ்வளவு நன்றாகத் தெரிந்ததில்லை. எழுப்பினேன். மறுபடியும் எழுப்பினேன். பெட்டியில் இருந்த சட்டைகளை எடுத்து மடித்து அலமாரியில் வைத்தேன். அப்புறம்தான் அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டேன்.

காய்ந்த விறகின் கங்கில் விஷக் காற்று வரும், கண்ணுக்குத் தெரியாது, குழாய் வழியாகப் போக முடியாமல் அறையிலேயே தங்கிவிட்டது என்று நீங்கள் விளக்கினீர்கள். அதைத்தானே ஐயா நானும் முதலிலிருந்து சொல்கிறேன். என் விறகை எரித்திருந்தால் புகைந்திருக்கும். இருமியிருப்பான், ஜன்னலைத் திறந்திருப்பான், திட்டிக்கொண்டே வெளியே வந்திருப்பான். இப்போது என் எதிரில் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பான். அவனைக் கொன்றது வலப்பக்கத்து விறகு. அதை அவனுக்கென்று நான் அடுக்கவில்லை. அவள் பேச்சைக் கேட்டு எடுத்திருக்கிறான்.

வருத்தமா என்று கேட்டீர்கள். தலையைக் குனிந்து நிற்பேன் என்று எதிர்பார்த்தால் அது நடக்காது. தூக்கி வளர்த்த கை இது. எந்தக் கோர்ட்டிலும் நீட்டிக் காட்டுவேன். எனக்கு மனசு ஆறாதது ஒன்றே ஒன்றுதான். சொந்த வீட்டில், நான் இல்லாத நேரம் பார்த்துத் திருடியிருக்கிறான். பிசாத்து நாலு கட்டை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால், என் தம்பிக்கு நான் இல்லையென்றா சொல்லியிருப்பேன்?