மறுபடியும் இருபத்தொன்று

தொலைபேசியில் பேசும்போது நான் எப்போதும் முதுகை நிமிர்த்தித்தான் உட்காருவேன். சாய்ந்துகொண்டு பேசினால் குரலில் சலிப்பு தெரிந்துவிடும். எதிர்முனையில் இருப்பவருக்கு நம் முகம் தெரியாது, குரல்தான் முகம். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, மேடம். பதினோரு வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து நானாகக் கற்றுக்கொண்டது.

பக்கத்து அறையில் ஒரு போன் அடித்துக்கொண்டே இருக்கிறதே, யாராவது எடுக்கக் கூடாதா? சரி, சொல்கிறேன். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் நிறுவனத்தில் பொருள் வாங்க நினைப்பவர்கள் ஆன்லைனில் கணக்கு திறந்து, அதில் முன்கூட்டியே பணம் போட்டு வைக்கலாம். போடுவதற்கு ஒரு நிமிஷம் போதும். போட்டதைத் திரும்ப எடுக்க வேண்டுமென்றால்தான் எங்கள் பிரிவுக்கு வரவேண்டும். நூற்றுக்கு நான்கு கட்டணம். அதற்கு மேல் இருபத்தொரு நாள் காத்திருப்பு. திருட்டு கார்டில் பணத்தைப் போட்டு, நல்ல பணமாக எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பிடிப்பதற்காக வைத்த விதி. அந்த இருபத்தொரு நாளும் கணக்கில் எந்த அசைவும் இருக்கக் கூடாது. ஒரு காசு உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் எண்ணிக்கை மறுபடியும் இருபத்தொன்றிலிருந்து தொடங்கும். இது எதுவும் நான் போட்ட விதியில்லை. நான் வேலைக்குச் சேரும்போதே சுவரில் ஒட்டியிருந்தது.

எனக்கு அந்தக் கட்டணம் மட்டும் எப்போதும் உறுத்தும். சொந்தப் பணத்தை எடுக்க ஒருவர் ஏன் பணம் கட்ட வேண்டும்? ஒருமுறை, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் கூப்பிட்டார். மனிதர் அழவில்லை, சண்டை போடவில்லை. "தம்பி, அந்த நாலு பர்சென்ட் இருந்தா என் நாய்க்கு ரெண்டு மாசம் சோறு ஆகும், பரவாயில்ல, எடுத்துக்குங்க" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. மதிய இடைவேளையில் எங்கள் நிறுவனத்திலேயே எனக்கிருந்த சொந்தக் கணக்கிலிருந்து அந்தத் தொகையை அவர் கணக்குக்கு அன்பளிப்பாக அனுப்பினேன். கூடவே, 'உங்களுக்காக வேண்டிக்கொள்கிறேன்' என்று ஒரு வரி. வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் அனுப்புகிறவர் பெயர் இல்லாமல் அனுப்ப அன்பளிப்புத் திரையில் வழியில்லை.

விதியை மறந்துவிட்டேன். அவருக்கு மூன்று நாள்தான் பாக்கி இருந்தது. என் அன்பளிப்பு போய்ச் சேர்ந்ததும் மறுபடியும் இருபத்தொன்று.

உண்மையாகவே பதறிப்போனேன். ஆனால் மறுநாள் அவர் கூப்பிட்டது நன்றி சொல்ல. "பெத்த பிள்ளைங்ககூடக் கேக்காம ஒண்ணும் தந்ததில்ல தம்பி. நாள்தானே, போகட்டும். எனக்கென்ன, பஸ்ஸா கிளம்பப்போகுது?" அதற்கப்புறம் இருபத்தொரு நாளும் தினமும் காலை பத்தரைக்குக் கூப்பிட்டார். பணம் எப்போது வரும் என்று ஒரு வார்த்தை. மீதியெல்லாம் நாயைப் பற்றி. நான் பத்து இருபதுக்கே மற்ற அழைப்புகளை முடித்துவிட்டுக் காத்திருப்பேன். இருபத்திரண்டாம் நாள் பணம் அவருக்குப் போய்விட்டது. அன்றைக்குப் பத்தரை ஆனது. பதினொன்றும் ஆனது. நான் எழுந்து தண்ணீர் குடித்தேன், உட்கார்ந்தேன், மறுபடியும் எழுந்தேன். அவர் பிறகு கூப்பிடவேயில்லை.

என் மனைவி அவள் அண்ணன் வீட்டுக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது. போகும்போது, "நீங்க நல்லவர்தான். ஆனா உங்ககூட இருந்தா மூச்சு முட்டுது" என்றாள். அது இந்த விஷயத்துக்குச் சம்பந்தமில்லாதது. விடுமுறை நாளில் எனக்கு ஏன் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை என்று நீங்கள் கேட்டதால் சொன்னேன். சனிக்கிழமை காலையில் துணி துவைத்துவிடுவேன். அதற்கப்புறம் அறையில் ஜன்னலிலிருந்து கதவுவரை நடப்பேன்; பதினான்கு காலடி. போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பேன்.

டிரைவருக்கு அப்புறம் நான் செய்ததெல்லாம் தெரிந்து செய்ததுதான். ஆனால் எல்லோருக்கும் செய்யவில்லை. சிடுசிடுப்பவர்களுடைய பணத்தை நாள் தவறாமல் அனுப்பிவிடுவேன். நல்ல குரல் உள்ளவர்கள், பேச ஆளில்லாதவர்கள் – அவர்களுக்கு மட்டும், பதினெட்டாம் நாள் வாக்கில், ஒரு சின்னத் தொகை. ஒரு டீக்குக்கூட ஆகாது. கூடவே அந்த ஒரு வரி. அவர்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் அந்த நோட்டைத் திறந்து வைத்து ஒவ்வொருவருக்காகவும் பிரார்த்தனை செய்வேன். அரை மணி நேரமாகும். ஒருநாளும் விட்டதில்லை.

என் பக்கத்து இருக்கையில் ஒருவர் இருக்கிறார். அவர் குரலுக்கு அலுவலகத்தில் 'இடி' என்று பெயர். வாடிக்கையாளரிடம் வணக்கம்கூடச் சொல்லமாட்டார். "ஆஸ்பத்திரி லெட்டர் இருக்கா? இருந்தா அனுப்பும்மா. அழாத, அழுதா லெட்டர் வந்துருமா? அனுப்பு, வை" என்பார். ஆஸ்பத்திரிக் கடிதம் இருந்தால் பிரிவுத் தலைவர் காத்திருப்பை ரத்து செய்து ஒரே நாளில் பணத்தை விடுவிக்கலாம். அப்படி ஒரு விதியும் உண்டு. இடி கடிதம் வந்த கையோடு எழுந்துபோய்த் தலைவர் மேஜையில் அடித்து வைத்துவிட்டு வருவார். என்னைப் பார்த்து, "யோவ், என்னய்யா மாமியார் வீட்டு விருந்தாளி மாதிரி மணிக்கணக்கா குசலம் விசாரிக்கிற? வேலைய முடிச்சு அனுப்புய்யா, அவங்க பொழப்பப் பாக்கட்டும்" என்பார். அவரால் பணம் பெற்றவர்களில் ஒருவர்கூட நன்றி சொல்லத் திரும்பக் கூப்பிட்டதில்லை. அதை நினைத்து எனக்கு அவர்மேல் இரக்கம்தான். அவருக்காகவும் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

தையல்காரம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள்.

வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். கல்யாணம் ஆகவில்லை. அக்காவும் அவளும் மட்டும்தான். புதிதாக இரண்டு மெஷின் வாங்க நாலு வருஷம் சேர்த்த பணத்தை எங்கள் கணக்கில் போட்டிருந்தாள். மெஷினுக்குச் சொன்ன வாரத்திலேயே அக்காவின் நெஞ்சில் வைத்திருந்த பேஸ்மேக்கருக்கு பேட்டரி தீரப்போகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று மாதத்துக்குள் மாற்ற வேண்டும். பணம் கட்டினால்தான் தேதி கொடுப்பார்கள். மெஷினை வேண்டாமென்று சொல்லிவிட்டு, பணத்தைத் திரும்பக் கேட்டு எனக்குக் கூப்பிட்டாள்.

முதல் நாளே 'அண்ணா' என்றாள். பேசும்போது பின்னால் மெஷின் ஓடும் சத்தம் கேட்கும். முக்கியமான விஷயம் பேசும்போது மட்டும் மெஷின் நிற்கும். இரண்டாவது வாரத்திலிருந்து போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். அக்கா தூரத்திலிருந்து குரல் கொடுப்பாள்.

"யாரு, உன் இருபத்தொண்ணு அண்ணனா? சாப்பிட்டாராமா?"

"சாப்பிட்டேம்மா."

"என்ன சாப்பிட்டீங்க, எங்க பணத்தையா?"

"அக்கா, சும்மா இரேன். அண்ணா, அவ வாய்க்கு ஒரு தையல் போட்டுட்டு வர்றேன், லைன்ல இருங்க."

எனக்கு அலுவலகத்தில் வாய்விட்டுச் சிரித்துப் பழக்கமில்லை. அன்று சிரித்தேன். இடி திரும்பிப் பார்த்தார்.

பதினெட்டாம் நாள் முதல் அன்பளிப்பை அனுப்பினேன். அவள் கூப்பிட்டு, "அண்ணா, எங்களுக்காக சாமி கும்பிடுறீங்களா? இந்த ஊர்ல எங்களுக்குன்னு ஒருத்தர்கூட இல்லண்ணா" என்றாள். கொஞ்சம் கழித்து, "ஆனா நாள் திரும்ப இருபத்தொண்ணு காட்டுதே, ஏன்?" என்று கேட்டாள். கணக்கில் ஏதாவது அசைவு இருந்தால் அப்படித்தானம்மா ஆகும் என்றேன். அது பொய்யில்லை. நான் அவளிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. வேண்டுமானால் எல்லா அழைப்புகளும் பதிவில் இருக்கின்றன, கேட்டுப்பாருங்கள்.

முப்பத்தாறாம் நாள் இரண்டாவது. ஐம்பத்துநாலாம் நாள் மூன்றாவது. அதற்குள் அக்காவுக்கு மாடிப்படி ஏற முடியவில்லை. ஆனாலும் வாய் மட்டும் குறையவில்லை. "உங்க கம்பெனிக்கு என் பேட்டரி எவ்வளவோ மேல், சார். அது நாள் சொன்னா நாள்தான். பேச்சு மாறாது" என்றாள்.

துணிக்கடைக்காரர் ஒருவர் வட்டிக்குத் தருகிறேன் என்கிறார், வாங்கவா என்று தையல்காரம்மா கேட்டாள். கடன் ஒருமுறை வீட்டுக்குள் நுழைந்தால் லேசில் போகாது. வாங்காதீர்கள் அம்மா, உங்கள் சொந்தப் பணம் இருக்கும்போது எதற்கு, நாள்தானே பாக்கி என்றேன். சொந்தத் தங்கைக்குச் சொல்வதைத்தான் சொன்னேன். "நீங்க சொன்னா சரிண்ணா. வேற யார்கிட்டயும் கேக்கல" என்றாள். எழுபத்திரண்டாம் நாள் நாலாவது.

கடிதத்தைப் பற்றி நீங்கள் இன்னும் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் நாளே அவள் ஆஸ்பத்திரிக் கடிதத்தை எனக்கு அனுப்பிவிட்டாள். பேட்டரி, மூன்று மாதம், டாக்டர் கையெழுத்து, முத்திரை எல்லாம் இருந்தது. இடியிடம் வந்திருந்தால் அன்று மாலையே பணம் போயிருக்கும். நான் அதைப் பிரதி எடுத்து மடித்து என் நோட்டுக்குள் வைத்தேன். தினமும் பிரார்த்தனையின்போது அதைத்தான் முதலில் எடுப்பேன். அவள் கேட்கும்போதெல்லாம், அது என்னிடம் பத்திரமாக இருக்கிறது அம்மா என்றேன். அதுவும் உண்மைதான்.

எண்பத்தாறாம் நாள் காலை பத்து மணிக்குக் கூப்பிட்டாள். மெஷின் சத்தம் இல்லை.

"அண்ணா, அக்கா போயிட்டா. காலையில காபி கேட்டா. போட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள..." என்றாள். பிறகு, "இன்னும் சொந்தக்காரங்க யாருக்கும் சொல்லல. உங்ககிட்டதான் முதல்ல சொல்லணும்னு தோணுச்சு" என்றாள்.

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, அவள் அழுது முடிக்கும்வரை லைனிலேயே இருந்தேன். நாற்பது நிமிஷம். என் பிரிவில் ஒரு அழைப்புக்கு ஆறு நிமிஷம்தான் அனுமதி. அதற்காகச் சம்பளத்தில் பிடித்தார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று மாலை வேலை முடிவதற்கு முன் ஐந்தாவது அன்பளிப்பை அனுப்பினேன். இன்னும் ஏழு நாளில் அவள் பணம் போய்விடும். துக்கத்தில் இருக்கிற பெண்ணை அப்படித் தனியாக விட்டுவிட முடியுமா?

அதுதான் அவள் கண்ணில் பட்டது. சாவு வீட்டுச் செலவுக்கு இனியாவது பணம் வருமா என்று கணக்கைத் திறந்து பார்த்திருக்கிறாள். அளவெடுத்துத் தைக்கிற கை. ஒரு காகிதத்தில் நான் பணம் போட்ட தேதிகளை ஒரு பக்கமும், இருபத்தொன்று காட்டிய தேதிகளை இன்னொரு பக்கமும் எழுதிச் சேர்த்துப் பார்த்திருக்கிறாள். மறுவாரம் கூப்பிட்டாள்.

"அண்ணா, நீங்க போடுற அன்னைக்குத்தான் நாள் திரும்புது. அஞ்சு தடவையும். உங்களுக்கு இது தெரியுமா?"

நான் பொய் சொல்கிறவனில்லை. "தெரியும்மா" என்றேன்.

மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "லெட்டர்?" என்றாள். என்னிடம்தான் இருக்கிறது என்றேன். வைத்துவிட்டாள். எப்போதும் "வைக்கட்டுமாண்ணா" என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பாள்.

அவ்வளவுதான், மேடம். தெரிந்துதான் செய்தேன். ஐந்து முறையும் தெரிந்தே செய்தேன். கடிதத்தைத் தெரிந்தே வைத்துக்கொண்டேன். பேட்டரி நிற்கும் என்று எனக்குத் தெரியும். டாக்டர் எழுதியதை நான் எண்பது தடவைக்கு மேல் படித்திருக்கிறேன். அந்த அக்காவின் சாவுக்கு நான்தான் காரணம் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவர்களிடமிருந்து நான் ஒரு காசு எடுத்ததில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கொடுத்திருக்கிறேன்.

என் நோட்டை உங்கள் ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள். அதில் இன்னும் பதினான்கு பேர் இருக்கிறார்கள். ஒருவர் கண் தெரியாத டியூஷன் வாத்தியார். ஒரு அம்மா, மகன் கப்பலில் வேலை. அத்தனை பேர் பணத்தையும் இன்றைக்கே விடுவித்துவிடச் சொல்லி இடியிடம் கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவர் வேகமாக முடித்துவிடுவார். யாரிடமும் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

தயவுசெய்து அவரைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள். வாரத்துக்கு ஒருவராக விடுவிக்கலாம். எல்லோரையும் இப்படி ஒரே நாளில் தவிக்க விட்டுவிடாதீர்கள்.