நாப்பதாம் வரி

"...கொயந்த கூட கத்துக்கும்னான் அண்ணாத்தே, மிஷினு வித்தவன்! பாஷ பேரே 'பேசிக்'காம். இங்கிலீசுல நாலு வார்த்த தெரிஞ்சா போதுமாம், கம்ப்யூட்டரு சொன்னபடி ஆடுமாம். இன்னா ஆடிச்சு? மத்தியானம் அப்டியே நின்னுட்ச்சு!"

அம்பத்தூர்ல ரயில் ஏறின எத்திராஜுக்கு, ஜன்னலோரமா ஒரு காது கெடைச்சதே போதும். அந்த மனுஷன் மடியில டிபன் கேரியரோட தலையாட்ட, கம்பெனி ஸ்டோர்ஸ் கிளார்க்கான எத்திராஜு வுடறதா இல்ல.

"புதுசா சேந்த வரலட்சுமின்னு ஒரு பொண்ணு. சம்பளம் போடற புரோகிராம தாள்ல எயுதுனது அது. மிஷின்ல டைப் அடிச்சது நானு. நாளிக்கு மொதலாளி வந்து பாக்கறாரு. ஓடலன்னா அது வேல போச்சு! மேனேஜர் கத்திட்டு மிஷின் ரூம பூட்டச் சொல்ட்டாரு... சாவி நம்ம கைலதான். பாவம், அது வெளிய குந்தி இன்னும் தாள வெச்சிகினு தப்பத் தேடிகினு கீது. கண்ணெல்லாம் செவந்து போச்சு.

நல்ல பொண்ணுதான், ஆனா ஒயுங்கு பத்தாது. ஒவ்வொரு வரிக்கும் நம்பர் போடணும். இது பத்து, இருவது, முப்பதுன்னு தாவித் தாவிப் போட்டு கீது! நடுவுல கீற நம்பரெல்லாம் எங்க போச்சு? நம்ம ஸ்டோர்ஸ்ல ஒரு சீட்டு நம்பர் காணோம்னாலே ஆடிட்டரு தோல உரிச்சிருவான். அதான் அடிக்கச்சொல்லவே ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நானே சரி பண்ட்டேன். அதுங்கிட்ட சொல்லக்கூட இல்ல... எதுக்கு வெக்கப்பட வெக்கணும்?

சும்மா சொல்லக்கூடாது, லேசான பாஷதான். ஒரு ஆளு சம்பளம் போட்டு முட்ச்சா, அடுத்த ஆளுக்கு மறுபடி மேல போவணுமில்ல? அதுக்குக் கடைசில 'நாப்பதுக்குப் போ'ன்னு ஒரு வரி. அவ்ளோதான்! அது நேரா நாப்பதாம் வரிக்கிப் போவும்... நாப்பது..."

எத்திராஜு வாய் அப்பதான் மொத தடவையா மூடிச்சு. ரயிலு ஆவடியில நின்னுது.

"அய்யய்யோ! நாப்பதத்தான் நாலாக்கிட்டனே! 'நாப்பதுக்குப் போ'ங்கறத மட்டும் அப்டியே அட்ச்சி வெச்சிகீறேனே! மொத்தமே இருவது வரிகூட இல்லியே அண்ணாத்தே, இல்லாத வரிக்கி அது எங்க போவும்? அந்தப் பொண்ணு எயுதுனதுல தப்பே இல்ல... அங்க குந்திகினு அயுவுது..."

ஜன்னலோர ஆளு ஏதோ சொல்ல வாயத் திறந்தாரு. எதிர் சீட்டு காலி. அம்பத்தூர் போற வண்டியப் புடிக்க, சாவியக் கைல புடிச்சிகினு எத்திராஜு பிளாட்பாரத்துல ஓடிகினு இருந்தாரு.