மேல் அறையின் உட்கூரை விழுந்தது பற்றி

அன்று வீட்டில் இருந்தவர்கள் நான், என் வீட்டுக்காரர், மகள், மாப்பிள்ளை, என் நாத்தனார். கூரை மேஸ்திரி அங்கே இல்லை. ஆனால் மாப்பிள்ளை கொடுத்த புகாரில் அவரைத்தான் நீங்கள் ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்கள். என் பெயர், வயது, விலாசம் மேலே எழுதியிருப்பது சரி. படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. மறதி எனக்குக் கிடையாது.

சென்ற கோடையில் பழைய ஓட்டை இறக்கிவிட்டுப் புது ஓடு போட்டோம். மேஸ்திரிக்கு வாய் நீளம். என் ரோஜாத் தொட்டியை உடைத்துவிட்டுப் பூனை தள்ளியது என்றவர். எங்கள் வீட்டில் பூனை இல்லை. ஆனாலும் வேலையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. உட்கூரைக்கு மேல் குளிர் தாங்கும் பஞ்சைப் பரப்பியவர், அது கூரை விளிம்பில் முட்டாமல் இரண்டு விரல் இடம் விட்டார். அதன் பிறகு முகட்டில் காற்றுத் துளை வைத்தார். அதன் பிறகு எங்களை முற்றத்தில் நிறுத்தி, "வீட்டு ஆவியெல்லாம் மேலதாம்மா போகும். விளிம்புல நுழையிற காத்து முகட்டு வழியா வெளிய போனாத்தான் கூரை காயும். அடைச்சீங்க, உள்ளயே மழை பெய்யும்" என்றார். மாப்பிள்ளை செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் தலையாட்டினார். அவருக்கு இடது காது கேட்காது. மேஸ்திரி நின்றது இடது பக்கம்.

குளிர் வந்ததும், நாங்கள் படுக்கும் மேல் அறையில் தலைமாட்டில் காற்று அடிக்கிறது என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். அதன் பிறகு காற்று நின்றது. என் நீலக் கம்பளியும் காணாமல் போனது. நாத்தனார்தான் எடுத்தார் என்று குளிர்காலம் முழுக்க அவரோடு நான் பேசவில்லை. அதன் பிறகு மேல் அறை மூலையில் கறுப்பாகப் பூசணம் பிடித்தது. ஓடு ஒழுகுகிறது என்று மாப்பிள்ளை மேஸ்திரியைத் திட்டினார். மழையே இல்லாத வாரத்திலும் அங்கே ஈரம் இருந்தது.

அன்று காலை மாப்பிள்ளை மேல் அறையில் சட்டைக்கு இஸ்திரி போடும்போது, ஊறிப்போன உட்கூரைப் பலகை அவர் தோளில் விழுந்தது. பஞ்சோடு, சுருட்டிக் கட்டிய என் கம்பளித் துண்டுகளும் விழுந்தன. நாத்தனார் ஒன்றை எடுத்துப் பிழிந்து நீட்டி, "இந்தாங்க அண்ணி, என் பெட்டியிலதான் இருந்துச்சு" என்றார்.

கூரை விளிம்பை அடைத்தது தான்தான் என்று என் வீட்டுக்காரர் நேற்றிலிருந்து உங்களிடம் சொல்கிறார். அந்த முழங்காலோடு கிழவர் ஏணி ஏறுவாரா, யாரையோ காப்பாற்றப் பார்க்கிறார் என்று சொல்லி நீங்கள் அதை நம்பவில்லை. கம்பளியைச் சுற்றியிருக்கும் சணலைப் பாருங்கள். அது அவர் போடும் இரட்டை முடிச்சு. கல்யாணமான நாளிலிருந்து அதை அவிழ்த்து அவிழ்த்து நகம் தேய்ந்தவள் நான். மேஸ்திரியை அனுப்பிவிடுங்கள். கெட்ட பெயர் வந்துவிட்டால் யார் அவரைக் கூரையேற்றுவார்கள்? தொட்டி விஷயத்தை நானே பார்த்துக்கொள்கிறேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நடந்தது நடந்தபடி இருக்கிறது, கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. கையெழுத்துக்கு முன் இதையும் சேர்க்கச் சொன்னேன். மாப்பிள்ளையின் மேல் எனக்குக் கோபமில்லை. நாத்தனாரோடு பேசிவிட்டேன். கூப்பிடு தூரத்தில் நான் இருந்தும் ஏணியைப் பிடிக்க என்னைக் கூப்பிடாமல் தனியாக ஏறிய ஆளை மட்டும் மன்னிக்க மாட்டேன். வெளியே பெஞ்சில் குளிரில் உட்கார்ந்திருக்கிறார், என் வீட்டுக்காரர்.